கட்டுரையில் கடைசிப் பேர்

அந்தச் சேருல உக்காராதீங்க, மேல ஏசியிலருந்து தண்ணி சொட்டுது. காலையில ஒருத்தர் வேட்டியெல்லாம் நனைஞ்சு எந்திரிச்சுப் போனாரு. இங்க வாங்க, இந்தப் பக்கம். பையை எடுத்துக்கறேன். உள்ள ஐசியூவுலதானுங்களே? யாருங்க உங்களுக்கு? மாமனாருங்களா. நெஞ்சு வலியா. பயப்படாதீங்க, நெஞ்சு வலிக்கெல்லாம் இப்ப இவங்க கையில மருந்து இருக்குது. என்ன நோவுன்னு தெரிஞ்சு போச்சுன்னா பாதி பயம் போயிருமுங்க.

உடுமலைப் பக்கமுங்களா? பேச்சுலயே நெனச்சேன். தென்னந்தோப்புங்களா, நல்லதுங்க. நான் ராசியண்ணன். டாக்டர் ராசியண்ணன். அட, எந்திரிக்காதீங்க, உக்காருங்க, ஊசி போடற டாக்டர் இல்லீங்க. காலேஜ் டாக்டரு. தாவரவியல். செடி கொடிப் படிப்பு. டிபார்ட்மெண்டுக்கு ஹெச்ஓடி நான்தான். இன்னும் கொஞ்ச நாள்ல பிரின்சிபாலா வர வேண்டியது, அதுக்குள்ள இப்படி இங்க வந்து உக்காந்திருக்கறேன்.

உள்ள இருக்கறது என் சம்சாரம். தெய்வானை. மஞ்சக் காமாலை. கண்ணு, நகம், உள்ளங்கை எல்லாம் அரைச்ச மஞ்சளாட்டம் ஆயிருச்சு. ஈரல் வேலை செய்யலீங்கறாங்க. ஏன் செய்யலைன்னு தெரியலீங்கறாங்க. காலையில உள்ள விட்டாங்க, போய்ப் பாத்தேன். கண்ணைத் தொறந்து என்னைப் பாத்து, "பாலு காய்ச்சினீங்களா, பொங்கீரப் போகுது"ங்கறா. வீட்டுல இருக்கற நெனப்பு. ஆமா காய்ச்சிட்டேன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். அங்க நிக்க முடியலீங்க.

அந்தக் கண்ணாடிக் கதவு இருக்குது பாருங்க. அது தொறக்கறப்பெல்லாம் எனக்குப் பயமா இருக்குது. நீங்க சொல்றது சரிதான், இங்க இருக்கற எல்லாத்துக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனா எனக்கு இன்னொரு பயமும் சேந்திருக்குது. இந்த போனு. இதுல ஒரு மெயில் வந்து கிடக்குது. இன்னைக்குப் பொழுதோட பதில் அனுப்போணும். கதவு தொறந்தாலும் தூக்கிப் போடுது, போனு அசைஞ்சாலும் தூக்கிப் போடுது.

யார்கிட்டயாவது சொன்னாத் தேவலைன்னு இருக்குது. காலேஜ் ஆளுங்ககிட்டச் சொன்னா அன்னிக்கே பிரின்சிபால் ரூமுக்குப் போயிரும். சொந்தக்காரங்ககிட்ட வாயத் தொறக்கவே முடியாது. நீங்க மாமனாரக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருவீங்க. உங்களுக்கு நேரம் போகோணும், எனக்கும் போகோணும். கேளுங்க.

பேப்பர்னு ஒண்ணு இருக்குதுங்க எங்க பொழப்புல. காலையில வர்ற நியூஸ் பேப்பர் இல்லீங்க, ஆராய்ச்சிக் கட்டுரை. லேபுல ஒண்ணைக் கண்டுபிடிச்சம்னா அதை எழுதி ஜர்னலுக்கு அனுப்போணும். ஜர்னல்னா எங்காளுங்க படிக்கற பத்திரிகை, பெரும்பாலும் வெளிநாட்டுல இருக்கும். அவங்க வெவரம் தெரிஞ்ச ரெண்டு மூணு பேர்கிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லுவாங்க. சரின்னாங்கன்னா அச்சுல போடுவாங்க. உலகமே படிக்கும், அப்படின்னு பேரு. உண்மையச் சொன்னா யாரும் படிக்கறதில்லீங்க. நானே படிக்கறதில்லை. ஆனா எண்ணிக்கை வேணும். காலேஜுக்குத் தரம் போடறதுக்குன்னு ஒரு கமிட்டி வரும், அவங்க முன்னால வந்து கேக்கற முதல் கேள்வியே எத்தனை பேப்பர் போட்டீங்கங்கறதுதான். என்ன எழுதினீங்கன்னு இது வரைக்கும் ஒருத்தர் கேட்டதில்லை.

எங்க டிபார்ட்மெண்டுல ஒரு வழக்கம். எவரு பேப்பர் எழுதினாலும் கடைசியில ஹெச்ஓடி பேர் இருக்கோணும். நான் கொண்டு வந்த வழக்கம் இல்லீங்க. எனக்கு முன்னால இருந்தவரு காலத்துலயும் இருந்துச்சு, அவருக்கு முன்னால இருந்தவரு காலத்துலயும் இருந்துச்சு. நான் சின்ன லெக்சரரா இருந்தப்ப ராப்பகலா உக்காந்து எழுதின பேப்பருக்கெல்லாம் அவர் பேர் போட்டேன், மூச்சு விடல. இப்ப என் முறை வந்துச்சு, அவ்வளவுதான். லேப் யாருது? டிபார்ட்மெண்டுது. டிபார்ட்மெண்ட் யாருது? நீங்களே சொல்லுங்க. கல்யாணப் பத்திரிகையில பெரியப்பா பேரப் போடறோம், பெரியப்பாவா தாலி கட்டப் போறாரு? ஒரு மரியாதை. அதைப் போய் வெளிநாட்டுக்காரன் குத்தம்னு சொன்னா எங்கீங்க போய்ச் சொல்றது?

இதுல ஒரு தொந்தரவு உண்டு. பேர் போட்ட ஒவ்வொருத்தருக்கும் ஜர்னல்காரன் ஒரு மெயில் அனுப்புவான். "இந்தக் கட்டுரைய நான் முழுசாப் படிச்சேன், இதுல என் பங்கு இருக்குது, இதுல இருக்கறதுக்கு நானும் பொறுப்பு"ன்னு ஒத்துக்கிட்டு ஒரு லிங்க்கை அமுத்தோணும். எனக்கு அது மாதிரி வந்துக்கிட்டே இருக்கும். எனக்கு எங்கீங்க நேரம்? கிளாசு, மீட்டிங்கு, அட்மிஷன் சிபாரிசு. ஆபீசுல டைப்பிஸ்ட் அம்மா ஒண்ணு இருக்குது, நல்ல அம்மா. அதுகிட்ட என் மெயில் பாஸ்வேர்டைக் குடுத்து வெச்சிருந்தேன். அது காலையில வந்ததும் சாமி படத்துக்குப் பூ வெச்சிட்டு, என் மெயிலத் தொறந்து இருக்கற லிங்க்கையெல்லாம் அமுத்திட்டு, அப்பறந்தான் டீயே குடிக்கும். சிரிக்காதீங்க. பெரிய பெரிய காலேஜுலயும் அப்படித்தான் நடக்குது.

ரேணுகான்னு ஒரு பொண்ணு. எங்கிட்ட பிஎச்டி பண்ணுது. அந்தியூர்ப் பக்கம், அப்பா இல்லை, அம்மா கூலி வேலைக்குப் போய்ப் படிக்க வெச்சது. உழைப்பாளி, அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். அது எடுத்துக்கிட்டது செங்காத்தான் கொடி. கரட்டுப் பக்கம் வேலியில படரும், ஆடுகூட வாய் வெக்காது. அதைக் காய வெச்சுப் பொடி பண்ணி எலிக்குக் குடுத்துப் பாத்துச்சு. சக்கரை நல்லா எறங்கிருச்சு. பேப்பர்லயும் அதைத்தான் எழுதியிருக்குது. சக்கரை எறங்குது, ஈரலுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. இந்த ரெண்டாவது வரி இருக்குது பாருங்க, இது இல்லைன்னா பேப்பரே நிக்காது. சக்கரைய எறக்கறதுக்கு ஆயிரம் மருந்து கிடக்குது, பாதிப்பு இல்லைன்னு சொன்னாத்தான் ஜர்னல்காரன் திரும்பிப் பாப்பான். ஈரல் படமும் போட்டிருந்துச்சு. சும்மா இருந்த எலியோட ஈரல் ஒரு பக்கம், பொடி தின்ன எலியோட ஈரல் ஒரு பக்கம். ரெண்டும் அழகா ஒரே மாதிரி.

அச்சாச்சு. ரேணுகா பேர் முதல்ல, என் பேர் கடைசியில. கமிட்டி வந்தப்ப பெரிசாக்கி ஃபிரேம் போட்டு மாட்டி வெச்சோம்.

அப்பறம் சித்தோட்டுல இருந்து ஒரு நாட்டு மருந்துக்காரரு வந்தாரு. பழத்தட்டு, பொன்னாடை எல்லாம் கொண்டுக்கிட்டு. நான் பைசா வாங்கலீங்க, சத்தியமா. "உங்க ஆராய்ச்சி ஜனங்களுக்குப் பயன்படோணுமுங்க ஐயா"ன்னாரு. அதுல என்ன தப்பு இருக்குதுன்னு நெனச்சேன். அடுத்த மாசம் டப்பாவோட வந்து நின்னாரு. பச்சை டப்பா. "டாக்டர் ராசியண்ணன் அவர்கள் ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது"ன்னு கொட்டை எழுத்துல. ரேணுகா பேர் போடல. சின்னப் பொண்ணு பேர் போட்டா யாரு வாங்குவாங்கன்னாரு. அதுவும் நியாயம்தானே.

ஒரு டப்பாவ வீட்டுக்குக் கொண்டு போனேன். நான்தான் கொண்டு போனேன். தெய்வானைக்குச் சக்கரை உண்டு. ஆனா அதுக்காகக் கொண்டு போகலீங்க, சும்மா காட்டறதுக்கு. முப்பது வருசமா நான் என்ன வேலை பாக்கறேன்னே அவளுக்குத் தெரியாது. யாராவது கேட்டா "செடியப் பாத்து என்னமோ எழுதறாரு"ம்பா. அன்னிக்குக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு டப்பாவ வெளிச்சத்துல பிடிச்சு எழுத்தெழுத்தாப் படிச்சா. படிச்சிட்டு என்னைப் பாத்தா பாருங்க ஒரு பார்வை. கல்யாணம் ஆன புதுசுலகூட அப்படிப் பாத்ததில்லீங்க.

அன்னிக்கு ஆரம்பிச்சது. காலையில வெறும் வயித்துல வெதுவெதுன்னு தண்ணியில கலக்கிக் குடிப்பா. எந்த விசேசத்துக்குப் போனாலும் பேச்சு அதுதான். அவ தங்கச்சி சாவித்திரிகூட, "அக்கா, போதும் உன்ற ஊட்டுக்காரர் பெருமை"ன்னு கேலி பண்ணும். எனக்கும் குளுகுளுன்னுதான் இருந்துச்சு. எதுக்குப் பொய் சொல்றேன்.

இப்ப இந்த மெயிலுக்கு வாரேன். எவனோ வேலை வெட்டி இல்லாதவன், எந்த ஊருன்னே தெரியல, அந்தப் பேப்பரப் பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்திருக்கறான். ரெண்டு ஈரல் படமும் ஒரே படமாம். ஒண்ணத் தலைகீழாத் திருப்பி வெச்சிருக்குதாம். ஜர்னலுக்கு எழுதிப் போட்டுட்டான். உடனே ஜர்னல்ல இருந்து மெயிலு. ஒரிஜினல் படத்த அனுப்பு. எலி வெச்சு ஆராய்ச்சி பண்றதுக்கு அனுமதி வாங்கின காகிதத்த அனுப்பு. பேர் போட்டவங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியா, இதுல நான் செஞ்ச வேலை இன்னதுன்னு எழுது. பதில் வரலைன்னா கட்டுரைய வாபஸ் வாங்குவோம், உங்க காலேஜுக்கும் தெரியப்படுத்துவோம்.

வாபஸ்னா சும்மா எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு நெனைக்காதீங்க. கட்டுரை அங்கயேதான் இருக்கும். அதுக்குக் குறுக்கால "வாபஸ்"னு பெரிசா அடிச்சு, என்ன தப்புன்னும் எழுதி வெச்சிருவாங்க. எந்தக் காலத்துல எவன் தேடினாலும் என் பேரும் வரும், அதுவும் வரும். நான் செத்ததுக்கு அப்பறமும் வரும். பயமா இருக்குமா இருக்காதா?

பாருங்க, நான் என்னத்தன்னு பதில் எழுதறது? ஒண்ணும் செய்யல, பேர் மட்டும் போட்டாங்கன்னு எழுதினா, அப்பறம் ஏன் படிச்சேன்னு லிங்க்க அமுத்தினேன்னு கேப்பான். எல்லாம் நான்தான் மேற்பார்வை பாத்தேன்னு எழுதினா, அந்தப் படத்துக்கும் நான்தானே பதில் சொல்லோணும்? இந்தப் பக்கம் போனாலும் முட்டுது, அந்தப் பக்கம் போனாலும் முட்டுது. அதனால ஒண்ணு எழுதி வெச்சிருக்கறேன். மாணவி கவனக்குறைவால படம் மாறிருச்சு, என் பார்வைக்கு அது வரலை, ஆனா முடிவுகள் எல்லாம் சரியானவை. நல்லா இருக்குதுங்களா? இன்னும் அனுப்பல. அனுப்பற பொத்தான் வரைக்கும் போயிட்டு, மறுபடியும் முதல்ல இருந்து படிச்சுப் பாக்கறேன்.

ரேணுகாவக் கூப்பிட்டுக் கேட்டேனே, கேக்காம இருப்பனா? போன்ல ஒரே அழுகை. "நீ ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துரும்மா, தப்பு உன்னோடதுன்னு, நான் பாத்துக்கறேன்"னு சொன்னேன். அதுக்கு அது என்ன சொல்லுச்சு தெரியுங்களா? "சார், நான் அப்பவே உங்ககிட்ட வந்து சொன்னனே சார்"ங்குது. எனக்குக் கோவம் வந்துருச்சு. உன் பிஎச்டி வைவாப் பரிச்சைக்கு நான்தான் கையெழுத்துப் போடோணும், அத ஞாபகம் வெச்சுக்கிட்டுப் பேசுன்னு சொல்லிட்டேன். மிரட்டலீங்க. ஞாபகப்படுத்தினேன்.

என்ன சொல்லுச்சா? அது ஒண்ணும் இல்லீங்க. வந்துச்சு, வரலைன்னு சொல்ல மாட்டேன். கமிட்டி வர்ற நேரம், எனக்குக் கை கால் ஓடல, பெயிண்ட் அடிக்கறவன் ஒரு பக்கம் கத்தறான். அப்ப வந்து ரூம் வாசல்ல நின்னுக்கிட்டு, "சார், பொடி குடுத்த எலி சாகுதுங்க சார். அறுத்துப் பாத்தேன், ஈரல் நல்லா இல்லீங்க சார்"னுச்சு. ஒண்ணு ரெண்டு எலி. அது வெயில் காலம், எலி சாகறது ஒரு சேதியா? "ஏம்மா, படம் நல்லா இருக்கோணும்னா நல்ல ஈரலாப் பாத்துப் படம் எடு, போ, கமிட்டிக்குள்ள பேப்பர் போயாகோணும்"னு சொன்னேன். வேற எலி வாங்கி மறுபடியும் செய்ங்கற அர்த்தத்துலதான் சொன்னேன். அத அது போய் இப்படிப் பண்ணி வெச்சிருக்குது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதையும் வெவரமாச் சொன்னாத்தான் புரியும்போல இருக்குது.

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க? தெய்வானைகிட்டயா? நிறுத்தச் சொன்னேனுங்க! சொல்லாம இருப்பனா? அந்த மெயில் வந்த மறுநாள் காலையில அவ டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறா. "தெய்வானை, கொஞ்ச நாளைக்கு அத நிறுத்தி வையேன்"னேன். "ஏனுங்க?"ன்னா. ஏன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது? சும்மாதான்னேன். "உங்க பேரே போட்டிருக்குது. நானே குடிக்கலைன்னா வேற எவ குடிப்பா?"ன்னு சொல்லிட்டு மடக்மடக்குன்னு குடிச்சிட்டு டம்ளரைக் கழுவி வெச்சா. நான் பாத்துக்கிட்டே நின்னேன். அந்த டப்பாவ எடுத்து வீசியிருக்கலாம். வீசினா ஏன்னு கேப்பா. தங்கச்சிகிட்டச் சொல்லுவா. அது ஊரெல்லாம் சொல்லும்.

அப்பறம் சோறு பிடிக்கலைன்னா. உடம்பெல்லாம் அரிக்குதுன்னா. கண்ணு ஒரு மாதிரி இருந்துச்சு, டியூப் லைட்டு வெளிச்சம்னு நெனச்சேன். நெனச்சேனா, நெனச்சுக்கிட்டேனா, தெரியலீங்க.

இங்க கொண்டு வந்து சேத்தினதும் முதல் கேள்வியே அதுதான். ஷர்மிளான்னு ஒரு லேடி டாக்டர், சின்ன வயசு, கெட்டிக்காரி. "நாட்டு மருந்து, பொடி, லேகியம் ஏதாவது சாப்பிட்டாங்களா சார்?"னு கேட்டாங்க. இல்லைன்னுட்டேன். யோசிச்செல்லாம் சொல்லலீங்க, அப்படியே வந்துருச்சு. ஆனா சாவித்திரி சும்மா இருக்குமா? "அக்கா ஒரு பொடி குடிக்குமுங்க, மாமா கண்டுபிடிச்ச பொடி"ன்னு சொல்லிருச்சு. எனக்கு அந்த நிமிசத்துல உசுரு போயிருச்சுங்க.

டாக்டரம்மா அங்கயே நின்னு போன்ல தேடினாங்க. தேடித் தேடி எதையோ படிச்சாங்க. படிக்கப் படிக்க மொகம் மாறுச்சு. முடிஞ்சுதுடா ராசியண்ணான்னு நெனச்சேன். நிமிந்து பாத்து, "சார், இந்த ராசியண்ணன் நீங்கதானா!"ன்னாங்க. சிரிச்ச மொகமா. கையெடுத்துக் கும்பிட்டாங்க. "செங்காத்தான் கொடியப் பத்தி இந்த ஒரு கட்டுரைதான் சார் இருக்குது. ஈரலுக்குப் பாதிப்பு இல்லைன்னு படத்தோட போட்டிருக்கீங்க. அப்ப அதுல சந்தேகப்பட வேண்டியதில்ல. உறுதிதானே சார்?"

நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? சாவித்திரி பக்கத்துல நிக்குது. ரெண்டு நர்சு நிக்கறாங்க. அந்தம்மா அவ்வளவு மரியாதையாக் கேக்கறாங்க. "உறுதிதான் டாக்டர்"னேன்.

அந்தம்மா கையில இருந்த காகிதத்துல எதையோ எழுதியிருந்தாங்க, அத ஒரு கோடு போட்டு அடிச்சிட்டாங்க. அந்தக் கோடு இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது.

படிச்சவங்கன்னா இப்படித்தானுங்க, அச்சுல இருந்தா நம்பிருவாங்க. ஒரே ஒரு கட்டுரைய வெச்சு ஒரு டாக்டர் முடிவு பண்ணலாமா? நான் அந்தம்மாவக் குறை சொல்லல. ஆனாலும் இன்னும் கொஞ்சம் சந்தேகப்பட்டிருக்கலாமில்ல? நான் உறுதின்னு சொன்னா அப்படியே விட்டுர்றதா?

இப்ப என்ன ஆச்சுன்னா, வேற காரணம் தேடறாங்க. எல்லா ரத்த டெஸ்டும் எடுத்துட்டாங்க, ஒண்ணுலயும் பிடிபடல. அதனால விலாவுல ஊசியக் குத்தி ஈரல்ல இருந்து துளியூண்டு எடுத்துப் பாக்கோணுமாம். ஆபத்துதான்னு அவங்களே சொல்றாங்க. ஈரல் கெட்டதுனால அவளுக்கு ரத்தம் உறையறதில்லை. காலையில கையில ஊசி போட்ட எடத்துல இன்னும் கசிஞ்சுக்கிட்டே இருக்குது, பஞ்சு மாத்தி மாத்தி வெக்கறாங்க. உள்ள குத்தி, அது நிக்காமப் போச்சுன்னா? நான் கையெழுத்துப் போட்டாத்தான் குத்துவாங்க. ஃபாரத்த எடுத்துக்கிட்டு நர்சம்மா இப்ப வரும்.

மத்தியானம் டாக்டரம்மாகிட்டச் சும்மா கேக்கற மாதிரி கேட்டேன். "காரணம் தெரிஞ்சிருந்துச்சுன்னா இந்த ஊசி வேண்டியதில்லீங்களா டாக்டர்?" அந்தம்மா, "தெரிஞ்சா எதுக்கு சார் இந்த நிலைமையில குத்தப் போறோம்? மருந்தால வந்ததுன்னா அதுக்குன்னு ஏத்தற மருந்து தனி. அதுலயும் தேறலைன்னா ஈரல் மாத்தறதுக்கு உடனே பதிஞ்சாகணும். நேரம் போகப் போக ரெண்டுமே கஷ்டம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. என் தோளைத் தட்டிக் குடுத்துட்டுப் போனாங்க. எனக்கு அங்கயே அழுகை வந்துருச்சு.

நான் யோசிக்காம இல்லீங்க. போய்ச் சொல்லிரலாம்னு கதவு வரைக்கும் போனேன். சொன்னா என்ன ஆகும்? கேஸ் ஷீட்டுல எழுதுவாங்க. எழுதினா அது காகிதம். சாவித்திரிக்குத் தெரியும். அந்த மருந்துக்காரரப் பிடிப்பாங்க, அவரு டப்பாவக் காட்டுவாரு, டப்பாவுல என் பேர். எத்தனை வீட்டுல அந்த டப்பா இருக்குதோ, அதை நெனச்சா மண்டையே கிறுகிறுங்குது. ஒருவேளை பொடியால இல்லாமயும் இருக்கலாம் இல்லீங்களா? பேப்பர்ல பாதிப்பு இல்லைன்னுதானே போட்டிருக்குது.

ஆமா. ஆமாங்க. அந்தப் படம் பொய்தான். எனக்குத் தெரியுமுங்க, நீங்க சொல்லோணுமா?

கத்தலீங்க. மன்னிச்சுக்கோங்க. அவ இல்லைன்னா எனக்கு ஒரு டீ வெச்சுக் குடிக்கத் தெரியாதுங்க. வீட்டுல எது எங்க இருக்குதுன்னு தெரியாது. அவ போயிட்டா நான் அந்த வீட்டுக்குள்ள எப்படிப் போவேன்? பயமா இருக்குதுங்க. அவளுக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயமா இருக்குது, அவ பொழைச்சு எந்திரிச்சு என்னைப் பாத்து ஏனுங்கன்னு கேட்டா அதுக்கும் பயமா இருக்குது. எதுக்கு ஜாஸ்தி பயம்னு என்னால சொல்ல முடியல.

என்ன கேட்டீங்க? எத்தனை எலியா? அதான் சொன்னனே, ஒண்ணு ரெண்டு. மூணு நாலு இருந்திருக்கும். ரேணுகா ஏதோ சொல்லுச்சு, நான் அப்ப சரியாக் காது குடுக்கல. அதெல்லாம் இப்ப எதுக்குங்க?

அதோ, கதவு தொறக்குது. நர்சம்மா. கையில ஃபாரம் வெச்சிருக்குது. "தெய்வானை அட்டெண்டர் யாருங்க"ன்னு கூப்பிடுது. ஐயோ. எனக்கு எந்திரிக்க முடியலீங்க. நீங்க ஏன் எந்திரிக்கறீங்க? எங்கீங்க போறீங்க? இருங்க, உக்காருங்க, உங்ககிட்ட ஏதோ மனசு விட்டுப் பேசினதுக்கு இப்படிப் பண்ணலாமுங்களா? கையை விடுங்க. நான் வரமாட்டேன். என்னால அந்தம்மா மொகத்தைப் பாத்துச் சொல்ல முடியாது, உறுதின்னு சொன்னவன் நான்.

சரி. சரிங்க, நீங்க போங்க. சீக்கிரம் போங்க, அது வேற பக்கம் திரும்புது. ஊசி குத்த வேண்டாம்னு சொல்லுங்க, முதல்ல அதச் சொல்லுங்க. ஷர்மிளா டாக்டரத்தான் பாக்கோணும்னு சொல்லுங்க. அந்தப் பொடிதான்னு சொல்லுங்க. கட்டுரைய நம்ப வேண்டாம், அந்தப் படம் பொய்னு சொல்லுங்க. எலி செத்துதுன்னு சொல்லுங்க. எத்தனைன்னு கேட்டா, எல்லாமேன்னு சொல்லுங்க. பொடி குடுத்த எலி அத்தனையும் செத்துப் போச்சு, ஒண்ணுகூட மிஞ்சல.

இருங்க, இருங்க, ஒரு நிமிசம். இதையெல்லாம் யார் சொன்னான்னு கேப்பாங்க. வெளிய பக்கத்துச் சேருல உக்காந்திருந்தவர் யாரோ சொன்னாருன்னு சொல்லிருங்க.